வெட்டுப்புள்ளியும் விடுதியும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1940களில், கிராமத்துப் பிள்ளைகளுக்காக விடுதியுடன் கூடிய மத்திய கல்லூரிகள் எழுந்தன. அவற்றுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய வந்ததே இன்றைய தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் தொடக்கம்.

இதில் இரு வெட்டுப்புள்ளிகள் உண்டு. மாவட்ட வெட்டுப்புள்ளி, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் பெற்றுத்தருவது. பாடசாலை வெட்டுப்புள்ளி, அங்குள்ள இடங்கள் நிரம்பும்போது கடைசியாகச் சேர்ந்த பிள்ளையின் புள்ளி. அது இடங்களின் கணக்கு. பிள்ளையின் அறிவுக்கு அளவுகோலன்று.

பெற்றோரே, மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்துகொண்டு தூரப் பாடசாலையொன்றைக் கேட்குமுன், அங்கே விடுதி உண்டா என விசாரியுங்கள். பத்து வயது மகள் தன் உடுப்பைத் தானே கழுவுவாளா, தனியே உறங்குவாளா என்றும் பாருங்கள். அவளிடமும் கேளுங்கள். தரம் 6 முதல் சாதாரண தரம் வரை அங்கே இருக்கப்போவது அவள்தான்.