பாட்டும் பரம்பரையும்: இணையத்தில் தேடத் தொடங்குவோருக்கு நல்லம்பள்ளியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பாட்டைத் தேடிக் கேட்கிற ஆசையும், கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்கிற ஆசையும் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் பிடிக்கும். தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளிப் பக்கம் இது இன்னும் பொருந்தும். நம் வீடுகள் பலவற்றில் வம்சாவளியை யாரும் எழுதி வைக்கவில்லை. மாமன் ஊர், பிறந்த வீடு, அண்ணன் தம்பி வரிசை எல்லாம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும்தான் கிடக்கின்றன. எனவே இரண்டு தேடலையும் பிரிக்காமல் சேர்த்தே செய்வோம். பாட்டிலிருந்து ஊர்ப்பெயரை எடுப்போம். அதை வைத்து ஆவணத்தில் ஆளைத் தேடுவோம். கையில் ஒரு ஸ்மார்ட்போனும் ஒரு நோட்டும் இருந்தால் இன்றே தொடங்கிவிடலாம்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

இணையத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் போவோம். ஆயாவோ அவ்வாவோ தாத்தாவோ, யார் இருக்கிறார்களோ அவர்களிடம். "உன் அப்பா பேரு என்ன?" என்று கேட்டால் பதில் ஒரே சொல்லில் முடிந்துவிடும். "உன்னை எந்த ஊர்ல இருந்து கட்டிக்கிட்டு வந்தாங்க ஆயா? சீர் யாரு சுமந்துக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேச்சு ஓடும். பெயர்கள் தாமாக வந்து விழும்.

நோட்டில் எழுத வேண்டியவை: பெயர், கூப்பிடும் பெயர், தகப்பன் பெயர், ஊர், குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர், நிலம் இருந்தால் சர்வே எண். குலதெய்வக் கோயில் ஊரை விட்டுவிடாதீர்கள். குடும்பம் முன்பு எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல துப்பு அரிது. பட்டப்பெயரை எழுதக் கூச்சம் வேண்டாம். ஒரே தெருவில் நான்கு முனுசாமி இருந்தால், நம் முனுசாமி யார் என்று அதுதான் காட்டும்.

பாட்டைப் பதிவு செய்வது எப்படி?

தாலாட்டிலிருந்து தொடங்குவோம், அடுத்து நடவுப் பாட்டு, கும்மி. ஒப்பாரியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களாகவே நாளும் இடமும் சொல்லட்டும். களத்துமேட்டில் உட்கார்ந்து பாடுகிறேன் என்றால் அங்கே போவோம்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ரெக்கார்டர் செட்டிங்ஸில் வேவ் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல், பாடுபவரின் முன்னால் ஒரு முழத் தூரத்தில் துணி மடித்து அதன்மேல் வையுங்கள். பாட்டு தொடங்கும் முன் தேதி, ஊர், பாடுபவர் பெயர் மூன்றையும் நாமே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பத்து ஆண்டு கழித்து கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரலுக்குள் விவரம் இருக்கும்.

முடிந்ததும் பாட்டைப் போட்டுக் காட்டி, வரும் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக்கொள்வோம். நம் தேடலின் விதை இந்தப் பட்டியல்தான்.

பாட்டுக்கு எந்தத் தளங்கள்?

முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளைத் தேட இதுவே நல்ல இடம், இலவசம். அதோடு தமிழ் விக்கிமூலத்தையும் பார்ப்போம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளமாக அங்கே ஏற்றப்பட்டுள்ளன. நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964), கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' (1958) ஆகிய இரண்டையும் பெயர் சொல்லித் தேடுங்கள். ஆயா பாடிய மெட்டும் வரியும் இன்னொரு மாவட்டத்தில் எப்படி மாறி நிற்கின்றன என்று ஒப்பிட இவை உதவும்.

அடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவ். 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளின் பெரிய குவியல் இங்கே உண்டு. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் பெயர்களோடு தொடங்கினால் அந்தக் கால நாடகப் பாட்டுகளுக்கு வழி கிடைக்கும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். ஆகவே நீண்ட பாட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து, இரண்டு கோப்புகளாக இருக்கலாம். முதல் பாதியைக் கேட்டுவிட்டுப் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் இருக்கும் ஒரு தொகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை பதிவான கிராமபோன் ஒலிகள் அவை. சென்னை மாகாண மொழிகளும் அதில் உண்டு. நூறு ஆண்டுக்கு முன் தமிழ் பேசிய ஒருவரின் குரலை நம் போனில், நம் திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். அச்சில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாத இழுவையும் ஏற்ற இறக்கமும் காதில் விழும்.

கர்நாடக இசை விருப்பம் என்றால் சங்கீதப்ரியா தளம். தேவாரத்துக்கு சைவம் தளம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், 2005-இல் தொடங்கியது. சென்னைக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்கள் அதன் அடித்தளம்.

நம் பக்கத்துத் தெருக்கூத்துக்கு யூடியூப்தான். விடிய விடிய நடந்த அர்ச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் முழு இரவாக ஏற்றப்பட்டிருக்கும். 'தெருக்கூத்து' என்று மட்டும் தேடாமல் ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்: தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அதியமான்கோட்டை. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் சேர்ந்து ஒலிக்கிற அந்தத் தொடக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். கூத்துச் செட்டுக்குச் செட்டு வாசிப்பு மாறுவது அங்கேயே தெரியும். கீழே கருத்து எழுதுபவர்களில் அந்தச் செட்டின் வாத்தியாரைத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.

குடும்பத்துக்கு எந்தத் தளங்கள்?

தேடலுக்கு முன் ஒரு விதியை மனதில் வைப்போம். தருமபுரி மாவட்டம் உருவானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. அதற்கு முந்தைய ஆவணம் எதுவானாலும் நம் ஊர் சேலம் மாவட்டத்தில் இருக்கும். நல்லம்பள்ளி தனி வட்டமாகும் முன் தருமபுரி வட்டத்தில் இருந்தது. இதைத் தெரியாமல் தேடுபவர்கள் 'நம் ஊர் பெயரே இல்லை' என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

தொடக்கக்காரருக்கு மிக எளிது பழைய வாக்காளர் பட்டியல். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 ஆண்டுப் பட்டியல்கள் இணையத்துக்கு வந்தன. மாவட்டம், தொகுதி, பாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2008-இல் தொகுதிகள் மாற்றியமைக்கப்பட்டதால், இன்றைய தொகுதியில் ஊர் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தொகுதியையும் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது இருக்கும். 2002 பட்டியலில் 70 வயதுக்காரர் ஒருவர் கிடைத்தால் அவர் பிறந்தது 1932 வாக்கில். அவருடைய தந்தை 1900-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது. வயதைத் தோராயமாகச் சொல்லியிருப்பார்கள் என்பதால் முன்னும் பின்னும் ஐந்தாண்டு விட்டுக் கணக்கிடுவோம்.

அடுத்து நிலம். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் பார்க்கலாம். ஆனால் இவை இன்றைய நிலையைத்தான் காட்டும். பழைய கதைக்குப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டும். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1970-களின் நடுப்பகுதி முதல் விவரம் உண்டு. அதில் 'பாகப்பிரிவினை' என்று ஒரு பதிவு கண்ணில் பட்டால் அதுதான் புதையல். பங்காளிகள் அத்தனை பேரும், யார் யாருக்கு மகன் என்ற விவரத்தோடு, ஒரே பத்திரத்தில் வரிசையாக நிற்பார்கள். நம் நோட்டில் இருக்கும் பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். இன்னும் பின்னால் போக, யூடிஆர் எனப்படும் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்கு முந்தைய பதிவேடுகளின் நகலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மனுக் கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்குச் சர்வே எண் கட்டாயம்.

கிறித்தவக் குடும்பங்கள் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. தருமபுரி மறைமாவட்டம் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. பழைய பதிவுகளைப் பங்குக் கோயிலிலேயே கேட்டுவிடுவது நேர்வழி.

கடல் கடந்தவரைத் தேடுவது எப்படி?

'அந்தக் காலத்துல கப்பலேறிப் போனவரு, திரும்பவே இல்லை' என்று பல வீடுகளில் ஒரு பேச்சு இருக்கும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களை டர்பனில் உள்ள குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஆளுக்கு ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல் பெயர் என்று பத்தி பத்தியாகப் பிரித்திருப்பார்கள்.

தேடும்போது ஆளின் பெயரை விட்டுவிட்டு, ஜில்லாவில் சேலம் என்று வடிகட்டிக்கொண்டு, பிறகு ஊரைப் பார்ப்போம். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தருமபுரியில் 'டி'க்குப் பின் 'எச்' இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடைசி எழுத்து 'ஐ'யாகவோ 'ஒய்'யாகவோ இருக்கும். நல்லம்பள்ளியில் 'எல்' எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்று எல்லா விதமாகவும் மாற்றிப் பாருங்கள். சாதிப் பத்தியில் இருப்பதும் அப்படி எழுதப்பட்டதுதான். அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சண்டைக்குப் போக வேண்டாம்.

மலாயா, சிங்கப்பூர் போனவர்களுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளம். 1935-இல் கோ.சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே உண்டு. மரண அறிவிப்புகளையும் சங்கக் கூட்டச் செய்திகளையும் விடாமல் பாருங்கள். பட்டாளத்துக்குப் போய் உயிர் விட்டவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த வீரர்களின் பெயரோடு, பல இடங்களில் தந்தை பெயரும் ஊரும் ஜில்லாவும் குறிக்கப்பட்டிருக்கும்.

பின்னணி தெரிந்துகொள்ள இன்டர்நெட் ஆர்க்கைவில் இரண்டு ஆங்கில நூல்கள்: எஃப்.ஜே.ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் ஜில்லா கெஜட்டியர் (1918), 'பாராமஹால் ரெக்கார்ட்ஸ்'. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு இந்தப் பகுதி வந்தபின் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வரிக்கணக்கு எழுதிய காலத்தை இரண்டாவது நூல் காட்டும். நம் பெயர் அதில் இருக்காது. ஆனால் எந்தப் பயிர், என்ன தீர்வை, யார் யார் குடியிருந்தார்கள் என்பது தெரியும்.

எவ்வளவு செலவாகும்?

முதல் ஆறு மாதத்துக்கு டேட்டா செலவு தவிர வேறு எதுவும் வேண்டாம். மேலே சொன்ன தளங்களைப் பார்க்கப் பணம் கேட்கமாட்டார்கள். சிலவற்றில் கணக்குத் தொடங்கினால் போதும். உறவு மரம் போட்டு வைக்க ஃபேமிலிசர்ச் இலவசம். ஒலியைச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி இலவசம்.

செலவு செய்ய நினைத்தால் முதலில் ஒரு காலர் மைக் வாங்குங்கள். சில நூறு ரூபாய். அடுத்து மெமரி கார்டு அல்லது ஹார்ட் டிஸ்க். பத்திர நகலுக்கு அரசுக் கட்டணம் உண்டு. பார்ப்பது இலவசம் என்பதால் தேவையான பத்திரத்தை மட்டும் உறுதி செய்துகொண்டு பிறகு கட்டுவோம். வெளிநாட்டு வம்சாவளித் தளங்களின் ஆண்டுச் சந்தாவை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். நம் கிராமங்களின் பதிவுகள் அவற்றில் மிகக் குறைவு.

எதில் கவனம் வேண்டும்?

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, சர்வே எண், ஆதார் எதையும் பொதுவில் ஏற்றக் கூடாது. உறவு மரத்தில் இறந்தவர்களை மட்டும் பொதுவில் காட்டுவோம். 'குலதெய்வம் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஒதுங்கியே இருங்கள்.

பாடியவரைக் கேட்காமல் பாட்டை ஏற்ற வேண்டாம், அது சொந்த ஆயாவாக இருந்தாலும். இசைத்தட்டுகளுக்கு இந்தியச் சட்டப்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. பாட்டெழுதியவரின் உரிமை தனிக்கணக்கு. கேட்பதற்குத் தடையில்லை, நம் பெயரில் மறுபடி ஏற்றும் முன்தான் இதைப் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பாட்டை அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், தரம் குறையாது. கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள், ஊர், பாட்டு வகை என்ற ஒரே ஒழுங்கில் வைப்போம். ஒரு பிரதி போனில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம்.

எப்போது தொடங்கலாம்?

மூத்தவர்களிடம் கேட்பதற்கு இந்த வாரமே நல்ல நேரம். கூத்துக்குப் பங்குனி, சித்திரை வரை காத்திருக்க வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் தொடங்கும் முன்பே ஊர்த் தருமகர்த்தாவிடமும் கூத்து வாத்தியாரிடமும் அனுமதி கேட்டுவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராமல், பின்பாட்டுக்காரர்கள் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள். பவர் பேங்க் முழு சார்ஜில் இருக்கட்டும். கூத்து முடிய விடிந்துவிடும்.