ஆதித்த கரிகாலனிடம் மனம் பறிகொடுத்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

குள்ளஞ்சாவடியிலிருந்து நீ எழுதி அனுப்பிய நாவலைப் படித்துவிட்டேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் மேல் உனக்கு இருப்பது வெறும் மரியாதை இல்லை, காதல். கடம்பூர் மாளிகையில் அவன் சாக வேண்டிய இடம் வந்ததும் கை ஓடாமல் எழுத்தையே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறாய். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் செத்துப்போனவனுக்காக அழுகிறாயா என்று வீட்டில் கேட்கிறார்களாம். கேட்கட்டும். அந்தக் கிறுக்கு பிடிக்காதவர்கள் சரித்திர நாவல் எழுத வரவே கூடாது என்பது என் எண்ணம்.

உனக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில், கனக சுப்புரத்தினம் என்ற தமிழாசிரியர் பாரதியிடம் அப்படித்தான் தன்னை ஒப்புக்கொடுத்தார். பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். ஆனால் பாரதி பராசக்தியைப் பாடிய இடத்தில் அவர் நிற்கவில்லை. பகுத்தறிவின் பக்கம் போனார். தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் தன் வழியைத் தானே போட்டுக்கொண்டார். அன்பு அதற்குக் குறுக்கே வரவில்லை.

உன் நாவலில் அன்பு குறுக்கே வந்து நிற்கிறது. பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையை நீ கரிகாலன் கையால் வெட்டவிடவில்லை. யாரோ ஒரு வீரன் வெட்டிவிடுகிறான், பழி மட்டும் இளவரசன்மேல் விழுகிறது. அதைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. அவன் காலத்துக் கல்வெட்டுகள் பாண்டியன் தலை கொண்டதையே அவனுக்குப் பட்டமாகப் பொறித்திருக்கின்றன. அவன் பெருமையாக நினைத்த ஒன்றை நீ அவனிடமிருந்து பிடுங்கிவிட்டாய். அந்தப் பெருமைக்குள்தான் அவனுடைய கொடூரமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே நேசிக்க வேண்டும்.

பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி இதை அறிந்தவர். அவருடைய நாயகன் வந்தியத்தேவன் என்ற பெயருக்குக் கல்வெட்டில் கிடைப்பது கொஞ்சம்தான்: குந்தவையின் கணவர், வல்லவரையர். மற்றதெல்லாம் கல்கியின் கற்பனை. அந்தக் கற்பனையில் அவர் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. வாய்க்கு வந்த பொய்யைச் சொல்கிறான், அவசரப்படுகிறான், போன இடமெல்லாம் மாட்டிக்கொள்கிறான். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் ஜனங்கள் அவனுக்காகக் காத்திருந்தது அதனால்தான். பின்னால் ராஜராஜனான அருள்மொழிவர்மனிடம் அந்த உயிர் குறைவு என்றே எனக்குப் படுகிறது. அவனைக் கல்கி அளவுக்கு மேல் வணங்கிவிட்டார். நந்தினியோ சரித்திரத்தில் இல்லாதவள். பாதி வெறுத்து, பாதி இரங்கி எழுதப்பட்டதால் இன்றும் நம் தூக்கத்தைக் கெடுக்கிறாள். கரிகாலனைக் கொன்ற கை எது என்பதைக்கூடக் கல்கி திட்டமாகச் சொல்லவில்லை. தன் பாத்திரங்கள்மேல் அவ்வளவு ஆசை வைத்தவருக்கு அந்த இடத்தில் இருந்த கட்டுப்பாட்டைக் கவனி.

இனி நான் சொல்ல வந்தது. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, பாண்டியன் தலையைக் கரிகாலன் தன் நகரில் வெற்றித் தூணாக நிறுத்தினான் என்கிறது. அடுத்து, வானுலகைக் காணும் ஆசையால் அவன் மறைந்தான் என்கிறது. கொலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செப்பேட்டுப் புலவர் அரச குடும்பத்தின் மேல் வைத்த விசுவாசம் அவர் வாயை அடைத்துவிட்டது.

கொலையைச் சொல்வது கல். அது உனக்குத் தூரமில்லை. குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பு போய், அங்கிருந்து வீராணத்துக் கரையோடு லால்பேட்டையைத் தாண்டினால் காட்டுமன்னார்கோயில். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்த அதே ஏரிக்கரை. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய தம்பிமார், மக்கள், மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவு முறை சொல்லிச் சொல்லி, எல்லாருடைய உடைமையையும் பறிக்க ஆணையிடுகிறது. இளவரசன் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகு!

அவர்களில் ஒரு மருமகனை நினைத்துப் பார். பெண் எடுத்த ஒரே காரணத்துக்காக நிலம் போனவன். அவன் பெயர் கல்லில் இல்லை. கரிகாலனைப் பற்றி அவன் என்ன சொல்வான்? அவன் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? உன் காதலனின் நிழல் விழுந்த இடத்தில் நிற்கும் இந்த மனிதர்கள் உன் நாவலில் ஒரு வரிகூட இல்லை. நீ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் இவர்கள் உன் கண்ணில் படவில்லை.

நிலம் போவது எப்படி என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு ஊர் மாறிய குடும்பங்கள் உன்னைச் சுற்றி இருக்கின்றன. 2023 ஜூலையில், அதே சுரங்கத்துக்காக, சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நின்ற நெல்லின் மேல் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நீ உடையார்குடிக்குப் போகும் வழியும் அந்தப் பக்கம்தான். பத்தாம் நூற்றாண்டின் மருமகனுக்கு வேண்டிய சொற்கள் அந்த ஊர்களில் இன்றும் பேச்சில் இருக்கின்றன. தஞ்சாவூரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கிடைக்காத வளம் இது.

ஆகவே கரிகாலனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவனை விட்டால் உன் நாவலுக்குச் சூடு இருக்காது. அவனை வெறுக்கிற ஒருவனுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடு. நடுவில் நீ புகுந்து வாதாடாதே. அவன் சொல்வது நியாயம்தானோ என்று உனக்கே ஒரு கணம் தோன்ற வேண்டும். கல் சொல்வது எது, கல்கி கட்டியது எது, நீ கட்டியது எது என்று நோட்டில் தனித்தனியாக எழுதி வை. கல்கியின் கரிகாலனையும் 2022-ல் திரையில் பார்த்த கரிகாலனையும் நீ பல இடங்களில் சரித்திரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் அவன் கையில் வாளைக் கொடுத்து வீரபாண்டியன் தலையை வெட்டச் சொல். பிறகு கடம்பூர் அத்தியாயத்தை எழுதி முடி. அழுதுகொண்டே எழுதினாலும் பரவாயில்லை. முடித்ததும் எனக்கு அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா