கல்யாண டிவிடியை மாற்றியே ஆக வேண்டுமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிவிடியில் பதியப்படும் வீடியோ இரண்டு முறைகளில் ஒன்றில் இருக்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் வழங்குவது பிஏஎல்: ஒரு படச்சட்டத்துக்கு 576 வரிகள், நொடிக்கு 25 சட்டங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கொரியாவில் வழங்குவது என்டிஎஸ்சி: 480 வரிகள், நொடிக்கு 29.97 சட்டங்கள். நல்லம்பள்ளியிலோ பக்கத்துத் தருமபுரியிலோ 2000களில் நடந்த ஒரு கல்யாணத்தின் டிவிடி, பிஏஎல் கேமராவில் எடுத்து பிஏஎல் முறையிலேயே எழுதப்பட்டதாக இருக்கும். அந்த வட்டு அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதோ, அங்கிருந்து பேரனின் பிறந்தநாள் வட்டு ஊருக்கு வரும்போதோதான் ஓடுமா என்ற சந்தேகம் எழும். உடனே யாராவது “ஃபார்மட்டை மாற்றிக் கொடுங்கள்” என்று ஸ்டுடியோவுக்குக் கொண்டு போவார்கள். பெரும்பாலான வட்டுகளுக்கு அந்த மாற்றம் தேவையே இல்லை.

முதல் தவறான நம்பிக்கை, வீடியோ முறையும் மண்டலக் குறியீடும் ஒன்றுதான் என்பது. இரண்டுக்கும் தொடர்பில்லை. மண்டலக் குறியீடு என்பது, எந்த நாட்டில் எந்தப் படத்தை எப்போது விற்பது என்பதைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளப் படநிறுவனங்கள் வட்டில் பதித்த ஓர் எண். அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியா 5, சீனா 6. ஜப்பானும் பிரிட்டனும் ஒரே மண்டலம். ஆனால் ஜப்பான் என்டிஎஸ்சி, பிரிட்டன் பிஏஎல். வீட்டு விசேஷ வட்டில் இந்தப் பூட்டு எதுவும் கிடையாது. மண்டலத்தைக் காரணம் காட்டி அதை மாற்றச் சொல்பவர் நோயை விட்டு வேறெதற்கோ மருந்து கொடுக்கிறார்.

புலம்பெயர் தமிழர்களுக்காக வந்த படவட்டுகள் இதற்கு நல்ல சான்று. லண்டனில் இயங்கிய ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட தமிழ்ப் பட டிவிடிகளில் பல, எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக, என்டிஎஸ்சி முறையில் வந்தன. பிஏஎல் நாட்டில் இருந்துகொண்டு என்டிஎஸ்சியில் வெளியிடுவது முதலில் புதிராகத் தோன்றலாம். பிஏஎல் நாடுகளில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு முறைகளையும் ஓட்டும். அமெரிக்காவில் விற்ற பிளேயர்களில் பல பிஏஎல் வட்டை ஏற்காது. எனவே டொரன்டோவிலும் கோலாலம்பூரிலும் ஒரே வட்டு ஓட வேண்டுமென்றால் என்டிஎஸ்சியே வசதி. இந்த ஒரு விவரம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்: அங்கிருந்து இங்கே வரும் வட்டுக்குப் பொதுவாகச் சிக்கல் இல்லை, இங்கிருந்து அங்கே போகும் வட்டுக்குத்தான் சிக்கல்.

வட்டுக்குள்ளேயே பிஏஎல் வண்ணம் இருக்கிறது என்பது இன்னொரு நம்பிக்கை. விஎச்எஸ் கேசட்டைப் பொறுத்தவரை அது சரி. நாடாவில் பதிந்ததே அந்தந்த முறையின் சிக்னல்தான். டிவிடியில் இருப்பதோ எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட எண்கள். வரிகளும் வேகமும் மாறுபடுமே தவிர, வண்ணச் சிக்னலை உருவாக்குவது பிளேயர். ஆகவே பழைய குழாய் டிவியில், மஞ்சள் ஏவி ஒயர் வழியாக, வெளிநாட்டு வட்டு கருப்பு வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது படம் மேலும் கீழுமாக உருண்டுகொண்டே இருந்தால், வட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பல பிளேயர்களின் ரிமோட்டில் ‘என்/பி’ என்றொரு பொத்தான் இருக்கும். அதை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வெளியீடு என்டிஎஸ்சி, பிஏஎல், தானியங்கி என்று மாறும். ஏதாவது ஒன்றில் வண்ணம் வந்து படம் நிலையாக நிற்கும். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த இன்றைய எல்இடி டிவிகளுக்கு இந்த வேலைகூடப் பொதுவாகத் தேவைப்படாது.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 60 ஹெர்ட்ஸ் வட்டு டிவியைக் கெடுத்துவிடும் என்று சொல்வதும் உண்டு. தொலைக்காட்சி தோன்றிய காலத்தில் மின்சார அலைவெண்ணை ஒட்டித்தான் படத்தின் வேகத்தை வகுத்தார்கள் என்பது உண்மை. 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது இந்தியா பிஏஎல் முறையை எடுத்துக்கொண்டதும் அந்த 50 ஹெர்ட்ஸ் வரிசையில்தான். ஆனால் வட்டின் வேகத்துக்கும் சுவரிலிருந்து வரும் கரண்டுக்கும் இன்று எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிஏஎல் வட்டில் படத்தை வெட்டிவிட்டார்கள் என்ற புகாரைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. பிஏஎல் வட்டுக்கு மாற்றும்போது வழக்கமாக அதை 25 சட்டங்களாக ஓட்டிவிடுவார்கள். இதனால் படம் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 150 நிமிடத்துக்குப் பதிலாக 144 நிமிடத்தில் முடியும்; ஒரு காட்சிகூட வெட்டப்படவில்லை. ஆனால் ஒலியையும் அதே வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். ஒரு அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு ஏறுவதால், பாட்டை வானொலியில் கேட்டுப் பழகியவர்களுக்குக் குரல் சற்று மெலிந்து கேட்கும். மென்பொருளால் சுருதியைத் திருத்தி வெளியிட்ட வட்டுகளில் இந்தக் குறை இராது. என்டிஎஸ்சியில் வேகம் ஏறக்குறைய மாறாது. அதற்குப் பதிலாகச் சில சட்டங்கள் திரும்பத் திரும்பக் காட்டப்படுவதால், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசான திக்கல் தெரியும். கல்யாண வீடியோவுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. அது எடுக்கப்பட்டதே 25 சட்டங்களில்.

“மாற்றினால் படம் இன்னும் தெளிவாகும்” என்பதுதான் அதிகச் சேதம் விளைவிக்கும் நம்பிக்கை. பிஏஎல்லை என்டிஎஸ்சியாக்கினால் ஆறில் ஒரு பங்கு வரிகள் போய்விடும். நொடிக்கு 25 சட்டங்களை ஏறக்குறைய 30 ஆக்க, இல்லாத சட்டங்களை மென்பொருள் கலந்து உண்டாக்க வேண்டும். எதிர்த்திசையில் 480 வரிகளை 576 ஆக்கினாலும் புதிதாக எந்த விவரமும் வந்துவிடாது. இதற்கு மேல் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோ இன்னொரு முறை சுருக்கப்படுகிறது; முதலில் கெடுவது பட்டுப்புடவையின் சரிகையும் பூமாலையின் விவரமும். கவனமின்றி மாற்றிய கோப்பில், அட்சதை தூவும் கைகளின் ஓரம் சீப்புப் பற்களைப் போலக் கோடு கோடாகத் தெரிவதும் உண்டு. ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் அடுத்தடுத்த கணங்களில் படம்பிடித்த வீடியோவை, அந்த இரண்டையும் முறையாக இணைக்காமல் விட்டதன் விளைவு அது.

டிவிடியில் வீடியோ இருக்கும் விஓபி கோப்பின் பெயரை எம்பி4 என்று திருத்தினால் மாற்றம் முடிந்தது என்பது தவறு. பெயர் மாறுமே ஒழிய உள்ளே இருப்பது மாறாது. எங்குமே ஓடாத வட்டுக்கும் பல நேரங்களில் வீடியோ முறை காரணம் அல்ல. எழுதிய பிறகு, மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி பதிவை முடித்துவைக்கும் ‘ஃபைனலைஸ்’ வேலையைச் செய்யாமல் விட்டதாக இருக்கலாம். அதை எழுதிய கருவியிலேயே போட்டு அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். கீறலோ, வெயில் பட்டுப் பதிவுச் சாயம் மங்கியதோ காரணமாக இருந்தால் எந்த மாற்றமும் உதவாது.

கடையில் வாங்கிய பூட்டுள்ள படவட்டின் கதை வேறு. கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். கடைசியாக வைத்த மண்டலமே அதன்பின் நிரந்தரம். உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு குற்றமாக்குகிறது.

வீட்டு வட்டுக்குச் செய்ய வேண்டியது, முதலில் எதையும் மாற்றாமல் முழு வட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாகக் கணினியில் எடுத்துவைப்பது. ஒற்றை அடுக்கு வட்டு 4.7 ஜிபிதான், ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கும். விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் அதை நேரடியாகவே ஓட்டும், பிஏஎல்லா என்டிஎஸ்சியா என்று பார்க்காது. கைப்பேசிக்கும் வெளிநாட்டு உறவினருக்கும் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில், 25 சட்டங்களை அப்படியே வைத்து, ஒரு எம்பி4 பிரதி எடுத்து அனுப்பலாம். எதிர்முனையில் பழைய அமெரிக்க டிவியும் பிளேயரும் மட்டுமே இருந்தால், அப்போது மட்டும் என்டிஎஸ்சி வட்டு ஒன்றைத் தயாரிக்கலாம். அதையும் ஐஎஸ்ஓவிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏற்கெனவே மாற்றிய பிரதியிலிருந்து அல்ல.