கடைமடையின் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றின் கிளைகளாகப் பல்கி, கடலைத் தொடுமுன் காவிரி நீர் கடைசியாக நனைக்கின்ற நாகப்பட்டினம் ஜில்லாவின் கடைமடை வயல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர் நம்மிடையே அபூர்வம். ஆனால் அந்த வயல்களை உழுகிறவருடைய வரவு செலவையும், அந்த வீடுகளில் உலையேறுகின்ற அரிசியின் ரகத்தையும் விலையையும் வீடுவீடாகச் சென்று எழுதிவைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே. வேளாண்மைப் பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் உழைக்கிற மாணவரின் காரியம் அதுவேயாகும். மனிதர் வாயால் சொல்வது ஒன்று, கையால் செய்வது ஒன்று, கணக்கில் விழுவது மற்றொன்று என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதே அந்தச் சாஸ்திரத்தின் சாரம். அதைப் பற்றியும், அது ஆராயும் விஷயங்களைப் பற்றியும் வழங்கிவருகின்ற சில நம்பிக்கைகளை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: இது நகரத்து நூலகத்தில் பிறக்கும் ஏட்டுப் படிப்பு, கிராமத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உண்மை நேர்மாறானது. ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென நிறுவப்பெற்ற ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்து, பின்பு சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களின் கையில் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, நிலம், கடன், கூலி, உணவு ஆகியவற்றை அவரவர் அறிந்த கிராமங்களிலேயே விசாரித்து எழுதிவரச் செய்தார். அந்த அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்தவை 1918-இல் நூலாக வெளிவந்தன. அதில் இடம்பெற்ற கிராமங்களுள் ஒன்று, அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்ததும் இன்றைய நாகப்பட்டினம் ஜில்லாவின் கீழ்வேளூர் வட்டத்தில் இருப்பதுமான பாலக்குறிச்சி.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்பார்வையில் ஸ்லேட்டரின் கிராமங்கள் மறுபடியும் ஆராயப்பட்டு, 1940-இல் அந்த நூலும் வெளியாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வி. சுர்ஜித் என்னும் ஆராய்ச்சி மாணவர், பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் எடுத்துக்கொண்டு, நெல் விவசாயத்தின் வருமானத்தைத் தம் முனைவர் பட்டத்துக்குப் பொருளாக்கினார். கூலித் தகராறு முற்றிய நாட்களில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி 44 உயிர்கள் தீக்கு இரையான கீழ்வெண்மணிதான் அந்த வெண்மணி. கூலி எவ்வளவு என்னும் கேள்வி இந்த ஜில்லாவில் ஏட்டுக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. ஒரே ஊரை ஒரு நூற்றாண்டுக் காலம் திரும்பத் திரும்ப விசாரித்துப் பார்க்கிற பாக்கியம் உலகத்தில் வெகுசில கிராமங்களுக்கே வாய்த்திருக்கிறது.

நம்பிக்கை 2: பாமர விவசாயி கணக்குப் பார்ப்பதில்லை, பாட்டன் பயிரிட்டதையே பேரனும் பயிரிடுகிறான்.

இந்த நம்பிக்கையைத் தகர்த்ததில் இரண்டு பட்ட மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950-களில் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் சேனாப்பூர் கிராமத்தில் தங்கி விசாரித்த டேவிட் ஹாப்பர், கார்னெல் சர்வகலாசாலைக்கு எழுதிய ஆய்வில், அந்த ஊர் விவசாயிகள் தங்களிடமுள்ள நிலத்தையும் நீரையும் மாட்டையும் உழைப்பையும் பயிர்களுக்கிடையே பங்கிட்ட விதம், பொருளாதார நூல் விதிப்பதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தியிருந்ததைக் காட்டினார். சிகாகோவில் பயின்ற ராஜ் கிருஷ்ணா, பஞ்சாபின் விவசாயிகள் விலையின் ஏற்ற இறக்கத்துக்கேற்பப் பயிர்ப் பரப்பை மாற்றிக்கொள்வதைப் புள்ளிவிவரங்களால் நிறுவினார். ஹாப்பரின் சான்றைக் கையாண்டே தியோடர் ஷுல்ஸ் 1964-இல், ஏழை விவசாயி ஏழையாக இருப்பது அறிவின்மையால் அன்று, கைவசமுள்ள சாதனங்களின் வறுமையால் என்று வாதித்தார். அவருக்கு 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் கடைமடையிலும் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் சன்ன அரிசிக்கே மவுசு என்று தெரிந்திருந்தும், சம்பாவுக்குச் சி.ஆர். 1009 என்னும் மோட்டா ரகத்தை விதைக்கிற விவசாயியைப் பழமைவாதி என்று சொல்லிவிடுவது எளிது. மேட்டூர் நீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், வடகிழக்குப் பருவமழை வயலை ஏரியாக்கிவிடுகிற கார்த்திகையில், நீண்ட வயதுடையதாய் அறுவடை மழைக்குப் பின் விழுவதும், வீட்டு வாசலுக்குச் சமீபத்திலுள்ள கொள்முதல் நிலையத்தில் நிச்சயமாக விலைபோவதுமான ரகம் எது என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அதிக லாபத்தைவிட, மொத்தமாக இழந்துவிடாமையே அவருடைய கணக்கில் முதல் வரி.

நம்பிக்கை 3: அரசாங்கம் விலையை உயர்த்திவிட்டால், அந்த உயர்வு அப்படியே விவசாயியின் வருமானம் ஆகிவிடும்.

2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகையாகிய 131 ரூபாயும் சேர, தமிழ்நாட்டில் அது 2,500 ஆயிற்று. அந்த ஆதார விலை, 1,579 ரூபாய் என்று கணக்கிட்ட உற்பத்திச் செலவின் ஒன்றரை மடங்கு. ஆனால் எந்தச் செலவு? கையிலிருந்து கொடுத்த ரொக்கத்தோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைக் கூட்டிய செலவு ஒன்று. அதன்மேல் சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் முதலீட்டின் வட்டியையும் கூட்டிய முழுச்செலவு மற்றொன்று. ஒன்றரை மடங்கு என்பது முன்னதற்கே உரியது. தவிரவும், அது பல மாநிலங்களின் சராசரி. கோயில் நிலத்தையோ பிறர் நிலத்தையோ குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறவருடைய செலவு அந்தச் சராசரிக்குள் அடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விலை அறிவிக்கப்படுவதும், அது கைக்கு வருவதும் வெவ்வேறு. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்பட்டால், தளர்வு உத்தரவு வந்தாலொழிய நெல் நிற்கும். நிலப் பதிவுகளாகிய சிட்டாவும் அடங்கலும் காட்ட வேண்டும். வாய்மொழிக் குத்தகைதாரருக்கு அவை சுலபத்தில் கிடைப்பதில்லை. களத்தில் காத்திருக்கும் குவியல்மீது ஒரு மழை பெய்து, வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட நேர்ந்தால், அறிவித்த விலை அந்த வீட்டுக்கு வெறும் செய்தியே. ஆகையால் நல்ல ஆய்வு, விலை என்ன என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாது. யார், எங்கே, எந்த நாளில், எவ்வளவுக்கு விற்றார் என்று கேட்கும்.

நம்பிக்கை 4: வருமானம் பெருகினால் மக்கள் சோற்றை அதிகம் உண்பார்கள்.

1857-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல், குடும்ப வருமானம் உயர உயர, செலவில் உணவின் பங்கு குறைந்துகொண்டே வரும் என்று காட்டிவிட்டார். நம் தேசத்துக் கிராமங்களில் 1999-2000-இல் குடும்பச் செலவில் சுமார் 59 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு 2022-23-இல் சுமார் 46 ஆயிற்று. தானியத்தின் பங்கோ சுமார் 22-லிருந்து 5-க்கும் கீழே இறங்கிற்று. பாலும் பழமும் முட்டையும் மீனும், கடையில் வாங்கும் பலகாரமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே இங்கே செலவுக் கணக்கில் தானியத்தின் பங்கு குறைவதில் ஒரு பகுதி, வயிறு குறைத்துக்கொண்டதால் அன்று, விலை குறைந்ததால் வந்தது. பங்கு வேறு, அளவு வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, தமிழன் சோற்றை மறந்துவிட்டான் என்று தீர்ப்புச் சொல்வது அவசரமாகும். நெல்லை விளைவிக்கிற வீட்டிலேயே கணக்கு இன்னும் நுணுக்கமானது: விற்பது மோட்டா நெல், இட்லிக்கு ரேஷன் அரிசி, பந்திக்கு வாங்குவது பொன்னி என்று ஒரே குடும்பம் உற்பத்தியாளராகவும் நுகர்வோராகவும் இரு வேஷம் பூணுகிறது.

நம்பிக்கை 5: எது வேண்டும் என்று மக்களைக் கேட்டு, விழுக்காடு போட்டுவிட்டால் நுகர்வோர் ஆராய்ச்சி முடிந்தது.

மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை முதலிய பாரம்பரிய நெல் ரகங்களுக்கு இன்று மீண்டும் ஏற்பட்டிருக்கிற மதிப்புக்கு, நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடத்திய விதைத் திருவிழாக்கள் பெருங்காரணம். பாரம்பரிய அரிசிக்குக் கூடுதல் விலை கொடுப்பீர்களா என்று கேட்டால், மறுக்கிறவர் சிலராகவே இருப்பர். சொல்லுக்கு விலையில்லை அல்லவா! கற்பனைக் கேள்விக்குச் சொல்லும் விலை, மெய்யாகக் கொடுக்கும் விலையைவிடப் பொதுவாக அதிகம் என்பது உலகெங்கும் பல சோதனைகளில் வெளிப்பட்ட முடிவு. ஆகையால் தேர்ந்த ஆராய்ச்சியாளர், பங்குபெறுவோர் கையில் மெய்யான பணத்தைக் கொடுத்து, முன்னே மெய்யான அரிசிப் பையை வைத்து, அவர்கள் கொடுக்க இசையும் விலையைச் சீட்டில் எழுதச் செய்து, குலுக்கலில் விழுந்த விலை அதற்கு மேற்படாவிட்டால், அந்தக் குலுக்கல் விலைக்கே வாங்கவும் வைக்கிறார். பொய் சொல்வதால் அங்கே ஆதாயம் இல்லை.

கேள்விப் பட்டியலும் எளிய காரியம் அன்று. நிலத்தை மாவிலும் விளைச்சலை மூட்டையிலும் சொல்கிற பெரியவரின் பதிலை ஏக்கராகவும் கிலோவாகவும் மாற்றும்போது, மா என்பது ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்பதையும், கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ, ஊர் வழக்கில் மூட்டை வேறு என்பதையும் அறியாத மாணவர், பிழையைப் பெருக்கிப் பட்டம் வாங்கிவிடக்கூடும். வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டுவிட்டு, சமையலுக்கு அரிசி வாங்குகிற பெண்ணையும் நடவுக்குப் போகிற பெண்ணையும் கேளாமல் விடுவது அதனினும் பெரிய பிழை.

இன்று கீழ்வேளூரிலேயே வேளாண்மைக் கல்லூரி ஒன்று இருக்கிறது. பாலக்குறிச்சியோ அதே வட்டத்தில் இருக்கிறது. அங்கே பயிலும் மாணவர் எவரேனும் ஸ்லேட்டரின் பழைய கேள்விகளை மீண்டும் எடுத்துச் சென்றால், அவற்றின் முடிவை ஆங்கில ஏட்டில் பூட்டிவைக்காமல், பதில் சொன்ன வீடுகளுக்கே தமிழில் திருப்பித் தருவாராக. கணக்குக் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவதே நியாயம்.