சோறு இறங்காத வயிறு: மருந்தை அறிந்து குடிப்போம்



"ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சு போகுது. காலையில தின்ன ரொட்டி பொழுதுபட்டு வாந்தியில அப்படியே வருது." இப்படிச் சொல்கிறவர்கள் நம்ம லயங்களில் உண்டு. உடனே "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று நாமே பெயர் வைத்து, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இது வேறு வருத்தமாகவும் இருக்கலாம். இரைப்பை சாப்பாட்டை அரைத்துக் குடலுக்குத் தள்ள வேண்டும். சாதாரணமாக நாலு மணி நேரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். அந்தத் தள்ளும் வேலை மந்தமானால் சாப்பாடு உள்ளேயே தங்கிவிடும்.

ஏன் வருகிறது?

பல வருஷம் கட்டுப்படாமல் இருக்கும் சீனி வியாதி முக்கிய காரணம். அது இரைப்பையை இயக்கும் நரம்பைக் கெடுத்துவிடும். சிலருக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகும், சிலருக்குக் காரணம் தெரியாமலும் வருவதுண்டு. அடைப்போ புண்ணோ இருக்கிறதா என்று டாக்டர் முதலில் குழாய் விட்டுப் பார்ப்பார். அது தெரியாமல் மருந்து குடிப்பது ஆபத்து.

மருந்துகள் எவை?

1. மெட்டோகுளோபிரமைட்: இரைப்பையை இயக்கும், வாந்தியையும் நிறுத்தும். ஆனால் மூளைக்கும் போகும். தூக்கக் கலக்கம், பதற்றம் வரலாம். இளவயதுப் பிள்ளைகளுக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளலாம். நீண்ட காலம் குடித்தால் வாயும் நாக்கும் தானாக ஆடும் நோய் வரலாம், மருந்தை விட்டாலும் அது சிலருக்குப் போகாது. அதனால் 2009ல் அமெரிக்க மருந்துத் துறை, 12 வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று கடுமையாக எச்சரித்தது.

2. டொம்பெரிடோன்: மூளைக்கு அவ்வளவு போகாது. ஆனால் இருதயத் துடிப்பைக் குழப்பலாம். 2014ல் ஐரோப்பிய மருந்து முகவர் நிலையம், ஓங்காளத்துக்கும் வாந்திக்கும் மட்டும், குறைந்த அளவில், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொன்னது. அதைவிட நீண்ட நாள் தேவையா என்று டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். இருதய வருத்தம் உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

3. எரித்ரோமைசின்: இது கிருமி கொல்லும் மருந்து. இரைப்பையையும் சுருங்க வைக்கும். ஆனால் சில வாரத்தில் பலன் குறைந்துவிடும். டொம்பெரிடோனோடு சேர்த்துக் குடிக்கக்கூடாது, இருதயத்துக்கு ஆபத்து.

ஒமெப்ரசோல் போன்ற மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர, சாப்பாட்டை இறக்காது.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

டொம்பெரிடோனை மோட்டிலியம் என்றும் வேறு பெயர்களிலும் விற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்று, கடையில் இன்னொன்று என்று வாங்கினால், தெரியாமலே ஒரே மருந்தை இரட்டிப்பாகக் குடித்துவிடுவோம். மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971ல் ஆரம்பித்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவர்தான். ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்துடையவை. அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிப் படியுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு

ஊசி போட்டாச்சு, சாப்பாடும் சாப்பிட்டாச்சு, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது இரத்தத்தில் சீனி குறைந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும். நினைவு இருந்தால் உடனே சீனித் தண்ணி கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுப் பிரச்சினை இருப்பதை கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஊசியின் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

- ஒரேயடியாக வயிறு நிறைய உண்ணாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடுங்கள். மலைக்குப் போகும்போதும் சின்னப் பொட்டலம் கொண்டுபோகலாம்.
- எண்ணெய், தேங்காய்ப்பால், நார் அதிகமுள்ள கீரைத் தண்டு இவற்றைக் குறையுங்கள். கஞ்சி, குழைந்த சோறு, மசித்த பருப்பு நல்லது. நன்றாக மென்று சாப்பிடுங்கள்.
- சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள்.
- மாத்திரையைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன்னே குடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் முன்னே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரத்த வாந்தி, கரும்பீ, உடம்பு மெலிவது, தண்ணீர்கூட நிற்காத வாந்தி, நெஞ்சு படபடப்பு, மயக்கம், தாடை இழுப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்க வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரிக்குச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாவற்குடா பக்கம் குடியிருக்கும் நம்ம சொந்தக்காரர்களுக்கு, கல்லடிப் பாலம் தாண்டினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனி பார்க்கக் காசு இல்லை.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்து நம்மைக் காப்பாற்ற வேண்டுமானால், நாம் என்ன குடிக்கிறோம் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.