நடைப்பிணமும் தப்பெண்ணமும்

ஒரு கூட்டத்தாரைப் பழகியறியாமலே இழிவாக மதித்துவிடும் குணத்தைத் தப்பெண்ணம் என்கிறோம். இதனை நாடகத்தில் எடுத்துக்காட்டும் வழி யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஸோம்பி எனப்படும் நடைப்பிணக் கதை ஹெய்த்தி நாட்டில் வளர்ந்தது. இறந்த பின்னும் தோட்டத்தில் உழைக்க நேருமோ என்ற அடிமைகளின் அச்சமே அதன் வேர் என்பர். 1968-ல் ஜார்ஜ் ரொமீரோ எடுத்த திரைப்படத்தில், இரவெல்லாம் பிணங்களுக்குத் தப்பிய கறுப்பு மனிதன், விடிந்தபின் உயிருள்ளோர் துப்பாக்கிக்கு இரையாகிறான். அவனையும் பிணமென்றே கருதிச் சுடுகின்றனர். அவன் நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் காண்போர் உள்ளம் நடுங்குகிறது. இரவு முழுதும் நாம் அவனோடு பழகினோம் அன்றோ?

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம் நான்கு பகுதிகளாக வெளியிட்ட ‘பேதாள்’ என்னும் இந்தி நாடகமும் இத்துறையில் முயன்றது. நெடுஞ்சாலைக்காகப் பழங்குடியினரை ஊரைவிட்டு அகற்றுகின்றனர். எதிர்ப்போர்க்கு நக்சல்கள் என்று பெயர் சூட்டப்படுகிறது. மூடிக்கிடந்த சுரங்கத்தைத் திறக்கவே, கும்பெனிப் பட்டாளத்தின் செத்த சிப்பாய்கள் வெளிப்படுகின்றனர். மண்ணாசை மரித்தும் மாயாது என்னும் கருத்து நன்று. நாடகமோ நமக்கு ஏமாற்றமே அளித்தது. காரணம் யாதெனின், துரத்தலும் சுடுதலுமே பெரும்பொழுதைக் கவர்ந்துகொண்டன. மஞ்சள், உப்பு, சாம்பல் கொண்டு பேயைத் தடுக்கும் வித்தை அறிந்தோராகவே ஊரார் தோன்றுகின்றனர். அவர்கள் உழைப்பதையும் நகைப்பதையும் வழக்காடுவதையும் பெரும்பாலும் காணோம். யாருக்காகப் பரிந்து பேச எழுந்ததோ, அவர்களையே நாடகம் நமக்கு அந்நியராக விட்டுவிட்டது.

பழங்குடியினர் நமக்குத் தொலைவில் உள்ளோர் அல்லர். அணுபுரத்திலிருந்து மாமல்லபுரம் கடந்து வடக்கே சென்றால் வடநெம்மேலி. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் ஒழிய, பிழைப்பிழந்த இருளர்க்கென 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சை எடுத்து, விஷமுறி மருந்து செய்வோர்க்கு அவர்கள் அளிக்கின்றனர். பாம்புக்கடிக்கு ஆளானோர் பலர் பிழைப்பது இவர்கள் கைத்திறத்தினாலும் ஆகும். இருளராகிய மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

ஆகவே, கல்லூரி மேடைக்கு நாடகம் எழுதப் புகும் மாணாக்கர், பேய் வேடத்திற்குச் சாயம் தேடுமுன், ஓர் இருளரை அணுகி, வரப்பில் பாம்பு சென்ற தடத்தை அவர் எங்ஙனம் கண்டறிகிறார் என்று பணிவோடு கேட்டறிவாராக.