ஜிப்ஸியின் முன் ஆக்ஸிலும் பிரேக்கும்: எதை மாற்றுவது, எதில் செலவழிப்பது?

மாருதி ஜிப்ஸியின் உற்பத்தி நின்றுவிட்டது, ஓட்டம் நிற்கவில்லை. எஸ்டேட்டுகளிலும் காட்டுப்பாதைகளிலும், ராணுவ ஏலத்தில் எடுத்தவர்களின் வீட்டு வாசலிலும் இன்றும் நிற்கிறது. இந்த வண்டியில் முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டை வெளியே இழுக்க வேண்டுமென்றால் காலிப்பர், டிஸ்க், ஹப் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். அதனால் ஷாஃப்ட்டையும் பிரேக்கையும் ஒரே வேலையாகத் திட்டமிடுங்கள். ஒரு கூலி மிச்சம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விதியை மனதில் வையுங்கள்: ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நிற்கும், பிரேக் போனால் வண்டி நிற்காது. பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடும்.

முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள்

மண் தரையில் ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக உருட்டுங்கள். சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், ஷாஃப்ட்டின் வெளிமுனையில் ஆறு குண்டுகளோடு இருக்கும் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அடுத்து, நக்கிளின் உருண்டைப் பகுதியில் கசிந்திருப்பதை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுத்து, கெட்டியாக இருந்தால் அது மாலிப்டினம் கிரீஸ், கவலையில்லை. எண்ணெய்போல் நீர்த்து, கியர் ஆயில் நெடி அடித்தால் உள்ளே இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் புது ஷாஃப்ட் போட்டால், அந்தப் புது ஜாயின்ட்டின் கிரீஸும் இதே போலக் கரைந்து ஓடும்.

ஷாஃப்ட்: மூன்று வழிகள்

*கம்பெனி ஷாஃப்ட்.* கம்பெனி அளவு டயரோடு ஓடும் வண்டிக்கு இது போதும். வாங்கும் முன் உங்கள் வண்டி எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 1993-இல் வந்த 'வைட் டிராக்' வண்டியில் முன், பின் தடம் இரண்டும் 90 மி.மீ. அகலமாயின, பழைய வண்டியின் ஷாஃப்ட் அதற்குப் பொருந்தாது. இடது, வலது ஷாஃப்ட்டுகளின் நீளமும் வேறுவேறு.

*பழைய ஷாஃப்ட்.* சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கும். ஷாஃப்ட் முனையிலுள்ள பற்களின் ஓரம் நேராக ஓடுகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் முறுக்கியிருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. ஜாயின்ட்டைக் கழற்றிக் குண்டு ஓடும் தடத்தில் குழியோ விரிசலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதை உதிரியாக வண்டியில் வைத்திருக்கத்தான் நான் பரிந்துரைப்பேன்.

*குரோமோலி ஷாஃப்ட்.* குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. முறுக்குவிசையை நன்றாகத் தாங்கும். 31 அங்குல டயர் போட்டு, பாறையில் ஏறுபவர்களுக்கு இது தேவைப்படலாம். ஆனால் ஷாஃப்ட் என்பது ஒரு வகையில் ஃபியூஸ். அதைக் கெட்டியாக்கினால் அடுத்த பலவீனமான இடம் உடையும். அது பெரும்பாலும் டிஃப்ரன்ஷியலின் கிரவுனும் பினியனும். ஷாஃப்ட்டைக் காட்டிலேயே மாற்றிவிடலாம். கிரவுன் உடைந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

எந்த ஷாஃப்ட் என்றாலும், உள்ளே செருகும்போது ஒரு கையால் தூக்கிப் பிடித்து நேராக விடுங்கள். பற்கள் சீலின் உதட்டில் உரசினால், புதுச் சீல் அன்றைக்கே கசியும்.

பிரேக்: கை சுருக்க வேண்டாம்

ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயர் ஏறத்தாழ 26.3 அங்குல விட்டம். அதற்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால், பெடலில் அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஷாஃப்ட்டை முறுக்குவதும் அதே பெரிய டயர்தான். ஷாஃப்ட்டை மட்டும் பலப்படுத்திவிட்டு பிரேக்கை அப்படியே விடுவது பாதி வேலை.

*பேட்.* ஆர்கானிக் பேட் சத்தமில்லாதது, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். செமி மெட்டாலிக் பேட் கொஞ்சம் கிறீச்சிடும், டிஸ்க்கையும் தேய்க்கும், சூட்டைத் தாங்கும். நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்குகிறவர்கள் இரண்டாவதையே எடுங்கள். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.

*டிஸ்க்.* லேத்தில் கடைந்து போடலாம், குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாதவரை. விளிம்பில் கரை கட்டியிருந்தால் புதிதே நல்லது.

*பிரேக் ஆயில்.* டாட் 3-இன் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் 140. டாட் 4-க்கு 230, 155. சிறு விலை வித்தியாசத்தில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு இது. சிலிகான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

*ஹோஸ்.* வண்டியை உயர்த்தியிருந்தால் நீளமான ஹோஸ் கட்டாயம். சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து, எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள்.

*வேறு வண்டியின் பெரிய காலிப்பர்.* மாஸ்டர் சிலிண்டரின் அளவும் முன்–பின் பிரேக் சமநிலையும் ஒத்துப்போகாவிட்டால், இது நன்மையைவிடத் தீமையே செய்யும். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் மனதில் வையுங்கள்.

யாருக்கு எது?

ஊரிலும் எஸ்டேட்டிலும் ஓட்டுபவர்: கம்பெனி ஷாஃப்ட், புதுச் சீல்கள், புது பேட், டாட் 4.
அடிக்கடி காட்டுப்பாதை போகிறவர்: இவற்றோடு செமி மெட்டாலிக் பேட், இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு உதிரி ஷாஃப்ட்.
பெரிய டயரோடு பாறை ஏறுபவர்: முதலில் பிரேக், பிறகு குரோமோலி.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தயங்காமல் பிரேக்கை முடியுங்கள். ஷாஃப்ட் அடுத்த மாதம் வரை காத்திருக்கும்.